மிச்சப் பாதி

அந்த முட்டி ஊசியை உங்க நாய்க்கு நான் போட மாட்டேன் டீச்சர். கேட்டீங்க, சொல்லிட்டேன். ஏன்னு கேட்டா அதையும் சொல்றேன். ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், அந்தக் காரணத்தையே நான் வருஷக்கணக்கா சந்தேகப்பட்டுக்கிட்டுதான் இருக்கேன். சிரிக்காதீங்க. முழுசா நம்பாத ஒரு கதைக்காக இத்தனை நாயைத் திருப்பி அனுப்பின டாக்டர் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

உக்காருங்க, எழுந்திருக்காதீங்க. பாருங்க, உங்க ஆளு அதுக்குள்ள காலை நீட்டிப் படுத்துட்டான். இருக்கட்டும், படுத்தா முட்டிக்கு நல்லதுதான். தரை கொஞ்சம் ஈரமா இருக்கும், இப்பத்தான் துடைச்சாங்க.

தெரியும், தெரியும். எதிர் வீட்டு டாக்டர்கிட்ட போட்டாங்கன்னா அடுத்த வாரமே நாய் ஓடுதுன்னு சொல்றாங்க. போர்டே வச்சிருக்கானே, ஜன்னல் வழியா நல்லாத் தெரியுது பாருங்க. நாய் நாலு காலும் தரையில படாம பாய்ஞ்சு வருது. அந்த நாய்க்கு என்னிக்கு டீச்சர் முட்டி வலிச்சுது? போட்டோ எடுக்கறதுக்குன்னே எங்கேயோ பிடிச்சுக்கிட்டு வந்த குட்டி அது. உங்க பக்கத்து வீட்டு நாய் ஓடுதா, ஓடட்டும். நான் இல்லைன்னா சொன்னேன்? நானே பார்த்திருக்கேன். ஊசி போட்டு ஓடுறதையும் பார்த்திருக்கேன், ஊசி போடாம கட்டிப் போட்டு, எடையைக் குறைச்சு, வலி மாத்திரை குடுத்து ஓடுறதையும் பார்த்திருக்கேன். எது எதனால ஓடுச்சுன்னு ஓடுற நாயா வந்து சொல்லும்?

என் வீட்டம்மா இதைத்தான் கேட்பா. உங்க அக்கா எந்தக் காலத்துலயோ யார்கிட்டயோ சண்டை போட்டாங்கன்னா அதுக்கு இந்தத் தெரு நாயெல்லாம் நொண்டணுமான்னு. சாப்பாடு போடும்போது சரியா இதை எடுப்பா. வாயில சோறு இருக்கும், பதில் சொல்ல முடியாது. எங்க கம்பவுண்டரும் லேசுப்பட்டவன் இல்ல. யாராவது முட்டி வலின்னு நாயைக் கூட்டிக்கிட்டு உள்ள வந்தா, டாக்டர் பார்ப்பாரு, பார்த்துட்டு எதிர் வீட்டு வாசலைக் காட்டுவாருன்னு சொல்லியே உக்கார வைப்பான். சொல்லிட்டுப் போறான். நான் காட்ட மாட்டேன். போறவங்க அவங்களே பார்த்துப் போகட்டும்.

ஆமா, எங்க அக்காதான். கூடப் பொறந்தவ, எனக்கு மூத்தவ. மாட்டு டாக்டருங்களுக்குன்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் இருந்துச்சு, அதுல எலும்பு மூட்டுப் பிரிவுல வேலை. இல்ல இல்ல, அவ ஆபரேஷன் பண்ற ஆளு கிடையாது. ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு, ஆடும் செத்து, டாக்டருங்க கையைக் கழுவிட்டு டீ குடிக்கப் போனப்புறம்தான் அவ வேலையே தொடங்கும். அந்த எலும்பை வாங்கி, மெல்லிசா சீவி, கண்ணாடித் துண்டுல ஒட்டி, சாயம் ஏத்தி, மைக்ரோஸ்கோப்புல பார்த்து, உள்ள என்ன நடந்திருக்குன்னு சொல்றது. அங்க அவளுக்குக் கண்ணாடிக்காரின்னே பேரு.

சும்மா கத்தி எடுத்து எலும்பை வெட்டிட முடியாது டீச்சர், கத்திதான் போகும். முதல்ல எலும்புல இருக்கிற சுண்ணாம்பை எடுக்கணும். அதை எடுத்துட்டா எலும்பு ரப்பர் மாதிரி வளையும். அப்புறம் மெழுகுல பதிச்சு மெஷின்ல சீவுறது. படிக்கிற காலத்துல ஒரு தடவை போய்ப் பக்கத்துல நின்னு பார்த்தேன். கைப்பிடியைச் சுத்தச் சுத்தக் கத்தி ஓரத்துல மெழுகு நாடா மாதிரி நெளிஞ்சு வருது. வெங்காயத்தோல்கூட அதுக்கு முன்னாடி தடி. மூச்சு விடாதடான்னா. ஏன்க்கா, உயிர் போயிடுமேன்னேன். உன் உயிர் போனா அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கலாம், இது பறந்து போச்சுன்னா எவனுக்கும் பதில் சொல்ல முடியாதுன்னா. சொல்லிக்கிட்டே நுனி பிரஷ்ல அந்த நாடாவைத் தூக்கி வெந்நீர்த் தொட்டியில மிதக்க விட்டு, சுருக்கமெல்லாம் விரியறவரைக்கும் காத்திருந்து, அடியில கண்ணாடியைக் கொடுத்து ஒரே அள்ளு. அப்பத்தான் அவளும் மூச்சு விட்டா.

வேலையில அவ அப்படி. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பா. வீட்டுல நேர் எதிர். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சாக்கூட தெரியாது.

சரி, விஷயத்துக்கு வரேன். சுண்ணாம்பை எடுக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மெதுவான கரைசல். வாரக்கணக்கா ஊறணும், நடுநடுவுல மாத்தணும், பொறுமை போயிடும். இன்னொண்ணு ஆசிட். சீக்கிரமா முடிஞ்சிடும். ஆனா ஆசிட்ல ஒரு வம்பு இருக்கு. முட்டிக்குள்ள எலும்பு முனையில வழவழன்னு ஒரு ஜவ்வு இருக்கும், அது தேயறதுதான் உங்க ஆளுக்கும் நோவு. அந்த ஜவ்வு நல்லா இருக்கா கெட்டுப் போச்சான்னு பார்க்க ஒரு சிவப்புச் சாயம் போடுவாங்க. நல்ல ஜவ்வு சாயத்தைப் பிடிச்சுக்கும், செக்கச் செவேல்னு தெரியும். கெட்டது வெளுத்துத் தெரியும். ஆசிட்ல கொஞ்சம் கூடுதலா கெடந்துச்சோ, நல்ல ஜவ்வும் வெளுத்துடும். சாயத்தைப் பிடிக்கிற சத்தையே ஆசிட் உறிஞ்சிடும். அதாவது, நோவு ஆட்டுக்கு வந்ததா ஜாடிக்குள்ள வந்ததான்னு தெரியாமப் போயிடும்.

புரியுதுல்ல? அவ்வளவுதான், இதுக்கு மேல படிப்பு இல்ல. மீதியெல்லாம் ஆளுங்க கதைதான்.

அந்தப் பிரிவுக்குத் தலைவரு ஒருத்தரு. பெரிய எலும்பு டாக்டரு, கையெடுத்துக் கும்பிடலாம், அப்படி ஆபரேஷன் பண்ணுவாரு. பசங்க அவருக்குச் சுத்தியல்னு பேரு வச்சிருந்தாங்க. எலும்பைத் தட்டுறதாலயும்தான், பேசுறதாலயும்தான். அவர் கண்டுபிடிச்சதுதான் நீங்க கேட்கிற ஊசி. அப்ப அதுக்குப் பேருகூட கிடையாது, மருந்துன்னுதான் சொல்வாங்க. செம்மறி ஆடுங்களோட முட்டியைக் கொஞ்சம் கெடுத்து விட்டு, பாதி ஆட்டுக்கு இந்த மருந்தை ஏத்துறது, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி. கொஞ்ச மாசம் கழிச்சு முட்டியை எடுத்துக் கண்ணாடிக்காரிகிட்ட குடுக்கறது. எது மருந்து, எது தண்ணின்னு அவளுக்குச் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? பரீட்சைப் பேப்பர்ல பேரை மறைச்சு நம்பர் போட்டுத்தானே உங்ககிட்ட திருத்தக் குடுக்கறாங்க, அதே மாதிரி. ஜாடி மேல வெறும் நம்பர்.

இதுல என்ன தப்புன்னு தெரியலைங்களா? இருங்க, தப்பு அங்கதான் இருக்கு. மருந்து முதல்ல தயாராச்சுன்னு மேல் கொட்டகை ஆட்டுக்கெல்லாம் மருந்தையே போட்டுட்டாங்க. தண்ணி எப்ப வேணும்னாலும் ஏத்திக்கலாம்ல, அதனால கீழ் கொட்டகைக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத் தண்ணி. அப்ப முட்டியும் அதே வரிசையிலதானே வரும்? முதல் ஈடு முழுக்க மருந்து, ரெண்டாவது ஈடு முழுக்கத் தண்ணி. நம்பரைக் கலைச்சாங்க டீச்சர், ஆட்டைக் கலைக்கலை.

முதல் ஈடு வந்துச்சு, அக்கா மெதுவான கரைசல்ல போட்டா. ரெண்டாவது ஈடு வர்றப்ப சுத்தியல் வெளியூர்க் கூட்டத்துல பேசறதுக்கு நாள் நெருங்கிடுச்சு. ஆசிட்ல போடுன்னாரு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டுமே சார்னு அக்கா சொல்லிப் பார்த்தா. நீ சமைக்கிறவ, பந்தி எப்பன்னு நான் சொல்றேன்னாரு. சரின்னு போட்டுட்டா. தண்ணி ஆடும் மருந்து ஆடும் ரெண்டு ஈட்டுலயும் கலந்து இருக்கும்னுதானே அவ நினைச்சா? கலந்திருந்தா ஆசிட் ரெண்டு பக்கத்தையும் சமமா வெளுக்கும், பெருசா மோசம் இல்ல.

எல்லாத்தையும் சீவி, சாயம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் மார்க்கும் போட்டுக் குடுத்தா. அப்புறம் ஒரு நாள் மூடின கவரைப் பிரிச்சு எந்த நம்பர் எந்த ஆடுன்னு படிச்சாங்க. அறை நிறைய ஆளு. சிவப்பு எல்லாம் மருந்து, வெளுப்பு எல்லாம் தண்ணி. ஒண்ணுகூடத் தப்பலை. கைதட்டல்னா கைதட்டல். சுத்தியல் கண்ணு கலங்கிப் போச்சாம். அக்காவும் தட்டினா. கண்ணாடிக்காரி கைராசின்னு யாரோ முதுகுல தட்டிட்டுப் போனாங்க. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் அவ ஸ்லைடுத் தட்டை எடுத்து அடுக்கினா. அடுக்கும்போதுதான் பார்த்தா. சிவப்பெல்லாம் மெதுவான கரைசல். வெளுப்பெல்லாம் ஆசிட். ஒண்ணுகூடத் தப்பலை. சுத்தி எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, இவ மட்டும் தட்டை மறுபடி முதல்லேர்ந்து பார்க்கிறா. மருந்து வேலை செஞ்சுதா, இல்ல நம்ம ஜாடிதான் வேலை செஞ்சுதா? இவ்வளவு நேரம் எதுக்குக் கையைத் தட்டினோம்னு அவளுக்கே தெரியலை.

நடைக்கூடத்துல போய்ச் சுத்தியலை மறிச்சுச் சொன்னா. அவர் என்ன சொன்னாரு தெரியுமா? கை தட்டுற எடத்துல வந்து மூக்கைச் சிந்தாதேம்மான்னாரு.

எங்க அக்காகிட்ட அப்படிச் சொன்னா சும்மா இருப்பாளா? முட்டியை ரெண்டாப் பிளந்து ஒரு பாதியைத்தான் சீவுறது வழக்கம், மிச்சப் பாதியைக் கெடாம இருக்க ஃபார்மலின்ல போட்டு அலமாரியில வச்சிருப்பாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு. அந்த மிச்சப் பாதியை எல்லாம் எடுத்தா. மேல் கொட்டகை, கீழ் கொட்டகை எல்லாத்தையும் ஒரே கரைசல்ல, மெதுவானதுல போட்டா. யாரையும் கேட்கலை. எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல கரைசல் மாத்துவா, சீவுவா. சாயம் போட்டுப் பார்த்தா எல்லாம் ஒரே சிவப்பு. மருந்து போட்டதும் அதே, தண்ணி போட்டதும் அதே. எது எதுன்னு அவளாலயே பிரிச்சுச் சொல்ல முடியலையாம்.

அந்த ஸ்லைடுத் தட்டைத் தூக்கிக்கிட்டு அவங்க பிரிவுக் கூட்டத்துக்கு நடுவுல போய் மேசையில வச்சா. பாருங்க சார்னா. அவர் மைக்ரோஸ்கோப்பு பக்கமே குனியலை. மிச்சப் பாதியெல்லாம் அலமாரி காலி பண்ணும்போதே தூக்கிப் போட்டாச்சே, இது எந்த ஆட்டோட முட்டின்னு கேட்டாரு. அதே மூச்சுல, அப்படியே இருந்தாலும் இத்தனை நாள் ஃபார்மலின்ல கெடந்ததுல எல்லாமே ஒரே மாதிரி ஆகியிருக்கும், இதெல்லாம் சாட்சியான்னாரு. இல்லவே இல்லைங்கறதும் அவரே, இருந்தா கெட்டுப் போயிருக்கும்ங்கறதும் அவரே. மறுநாள் வந்து பார்த்தா தட்டைக் காணோம். அவளை அந்த ரூமை விட்டு மாத்தி, பாட்டில் எண்ணிக் குடுக்கிற எடத்துல போட்டாங்க. அவ கோட்டைக் கழட்டினா, மடிக்கக்கூட இல்ல, சுத்தியல் மேசையில வீசினா, இதைத் துவைச்சுப் போட்டுக்கோங்க சார், உங்களுக்குத்தான் இனிமே நிறைய கறையை மறைக்கணும்னுட்டு வெளிய வந்துட்டா. வேற ஆஸ்பத்திரியில, மனுஷங்க சதை பார்க்கிற லேப்ல சேர்ந்து, ரிட்டயர் ஆகறவரைக்கும் அங்கதான்.

நல்லா இருக்குல்ல? எனக்கும் அன்னிக்கு ரத்தம் கொதிச்சுது. அப்பத்தான் நான் படிச்சு முடிச்ச நேரம். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து அவ சொல்லச் சொல்ல, இந்த ஊசியைச் சாகறவரைக்கும் தொட மாட்டேன்னு கையில அடிச்சுச் சொன்னேன். கையெல்லாம் சோத்துக் கை.

பிரச்சினை என்னன்னா டீச்சர், கதை நல்லா இருக்குங்கறதுதான். ரொம்ப நல்லா இருக்கு. வருஷம் ஆக ஆக எனக்கு அதுதான் உறுத்துச்சு. அந்த ஸ்லைடுத் தட்டை ஒரு தடவை மரத்தட்டுன்னா, இன்னொரு தடவை அட்டைன்னா. கோட்டை வீசினப்ப சொன்னதா நான் சொன்னேனே, அந்த வசனம் முதல் தடவை சொன்னப்ப கிடையாது. நடுவுல எங்கேயோ வந்து சேர்ந்துக்கிச்சு. நீங்க டீச்சர், பசங்க கட்டுரையில எது பார்த்து எழுதினது, எது யோசிச்சுச் சேர்த்ததுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் நாய் வளர்க்கிறவங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப் போச்சு. அதுவும் கூடப் பொறந்தவ. அவ பொய் சொன்னா மூக்கு நுனி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இதுல மட்டும் என்னால கண்டுபிடிக்க முடியலை.

சுத்தியல் எழுதின கட்டுரையில அவ பேரை எடுத்துட்டாங்க. அந்தக் கோவம் இருக்கும்ல? சந்தேகம் வந்தது நிஜமா இருக்கலாம். ஆசிட் விஷயமும் நிஜமாத்தான் இருக்கணும், அதுல பொய் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அந்த மிச்சப் பாதி? அதை நிஜமாவே எடுத்துச் சீவிப் பார்த்தாளா? இல்ல, பார்த்திருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்னு மனசுக்குள்ளயே பார்த்துக்கிட்டாளா? ஒரு ஸ்லைடுகூட மிச்சமில்ல. அந்த நிலையத்துல ஆட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கிட்ட ஆளை ஒரு தடவை பஸ்ஸுல பார்த்துக் கேட்டேன். அலமாரி காலி பண்ணாங்க தம்பி, எப்பன்னு ஞாபகம் இல்லைன்னுட்டு ஜன்னலை மூடிக்கிட்டான்.

அப்ப ஏன் போட மாட்டேங்கறீங்கன்னுதானே கேக்கறீங்க? நல்ல கேள்வி. அவ சொன்னதுல நான் முழுசா நம்பினது ஒண்ணே ஒண்ணு. ஆட்டைக் கலைக்கலைங்கறது. அது ஒண்ணு போதும் எனக்கு, திரும்பப் பார்க்காம விட்ட மருந்தை என் கையால ஏத்தறதில்லைன்னு சொல்றதுக்கு. வேலை செய்யாதுன்னு நான் சொல்லலை டீச்சர். தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு எதிர் வீட்டுக்காரன் பயப்படலாம், அவன் சுத்தியலோட சிஷ்யன், நான் எதுக்குப் பயப்படணும்? எனக்கு வர்ற நாய் குறைஞ்சா குறையட்டும். கிழட்டு டாக்டர் பிடிவாதம்னு சொல்றாங்களா, சொல்லட்டும். பிடிவாதம்தான்.

ஆனா வலி? ஆமா. அதுதான். படுத்துக்கிட்டு உங்களையே பார்க்குது பாருங்க. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியலைன்னுதான் எல்லாரும் எதிர் வாசலுக்குப் போறாங்க. நான் யாரையும் குத்தம் சொல்லலை.

எங்க அக்காவே போனா.

ஆமா டீச்சர். இந்த ஜன்னல்ல நின்னு பார்த்தேன். அவ ஒரு நாய் வளர்த்தா. வளர்த்தான்னு சொல்லக் கூடாது, அதுவா வந்து படியில படுத்துக்கிச்சு, இவளும் சரி கெடன்னு விட்டுட்டா. கிழவன்னு கூப்பிடுவா. அதுக்கும் ரெண்டு பின்னங்காலும் முட்டி போயிடுச்சு. நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். ரெண்டும் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவு தேய்மானம். மாத்திரை குடுத்தேன். ஒரு நாள் வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே இதே நாற்காலியில உக்காந்து, வேற ஒண்ணும் இல்லையாடான்னு கேட்டா. என்னக்கா வேணும்னேன். ஒண்ணும் இல்லடான்னு எழுந்து போயிட்டா. அடுத்த வாரம் எதிர்ல ஒரு ஆட்டோ நிக்குது. அக்கா இறங்குறா, கிழவனை இடுப்புல துணி கட்டித் தூக்கி இறக்குறா. என் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல. நான் பார்க்கிறேன்னு தெரிஞ்சேதான் திரும்பலை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. யார் சொன்னதை வச்சு நான் இத்தனை வருஷம் வீராப்பா உக்காந்திருந்தேனோ, அவ போறா. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேட்கலாம்னு படி வரைக்கும் போனேன். கம்பவுண்டர்தான், என்ன டாக்டர் எதிர் வீட்டுக்கு நீங்களும் கெளம்பிட்டீங்களான்னான். திரும்பி உள்ள வந்துட்டேன். அப்புறம் அவகிட்ட கேட்கவே இல்ல. அவளும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை போவேன், டீ போடுவா, கிழவன் வந்து என் கையை நக்கும். நடந்துதான் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், முன்னைக்கு நல்லாவே நடந்துச்சு. நான் அதோட காலைப் பார்ப்பேன், அவ நான் பார்க்கறதைப் பார்ப்பா. பால் பொங்கிடும்.

இல்ல, இப்ப இல்ல. நேத்து செத்துப் போச்சு. முட்டியால இல்ல, சிறுநீரகம். வயசும் ஆச்சு. மத்தியானம் போன் பண்ணா, வாடான்னா. பையை எடுத்துக்கிட்டு வான்னா. செத்த நாய்க்கு எதுக்குப் பைன்னு கேட்கத் தோணலை, எடுத்துக்கிட்டுப் போனேன்.

போனா, கூடத்துல மேசையைக் காலி பண்ணி, வெள்ளைத் துணி விரிச்சுக் கிழவனைப் படுக்க வச்சிருக்கா. முகத்தைத் தொடச்சு விட்டிருக்கா. அழுதிருக்கா, கண்ணு வீங்கியிருக்கு. ஆனா குரல் தெளிவா இருக்கு. ரெண்டு முட்டியையும் எடுத்துக் குடுடான்னா. நான் ஆயிரம் நாயை அறுத்தவன், ஆனா இது என் கையை நக்கின நாய். அவ சொல்றா, இடது முட்டிக்கு மட்டும்தான் ஊசி போடச் சொன்னேன். வலதைத் தொட விடலை. எதிர் வீட்டு டாக்டர் ரெண்டுக்கும் போடுங்கம்மான்னு எவ்வளவோ சொன்னான், முடியாதுன்னுட்டேன். இப்ப ரெண்டையும் ஒரே ஜாடியில, மெதுவான கரைசல்ல போடு. நான் வேலை பார்த்த லேப்ல மெஷின் தர்றேன்னுட்டாங்க, நானே சீவுறேன்னா.

முகத்தைச் சுளிக்காதீங்க டீச்சர். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. வலி தாங்காம கத்துற நாயைக் கூட்டிக்கிட்டுப் போய், ஒரு காலுக்குப் போட்டு ஒரு காலை விட்டு வச்சியே, நீ மனுஷியான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அவ முகத்தைப் பார்த்தேன். அது கத்தறதைக் கேட்க முடியலைன்னுதான் போனேன்டா, அதுவும் நிஜம்தான்னா. ரெண்டும் நிஜம். அவ அப்படித்தான்.

அதோ, அந்த அலமாரியில மேல் தட்டு, வலது ஓரம். ஆமா, அதுதான். ரெண்டும் ஒரே ஜாடி. ஒரே நாய், ஒரே வயசு, ஒரே தேய்மானம், ஒரே கரைசல். இப்ப எதையும் கலைக்க வேண்டியதில்ல. ஒரு நாயை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். சுத்தியல் சிரிப்பாரு, இன்னும் இருக்காரு, வயசானாலும் வாய் அப்படியேதான் இருக்கு. சிரிக்கட்டும். நான் அவருக்காகப் பார்க்கலை. கரைசல்ல ஊறி முடியட்டும், அவ சீவட்டும், பக்கத்துல நின்னு நான் என் கண்ணால மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு பார்க்கிறேன். ரெண்டும் ஒரே சிவப்பா இருந்தா, எதிர் வாசல்ல போய் நின்னே சொல்வேன். இடது மட்டும் நல்லா சிவந்திருந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்புவேன். வந்து திட்டிட்டுப் போங்க, கேட்டுக்கறேன். அதுவரைக்கும் ஊசி கிடையாது. எடையைக் குறைங்க, பிஸ்கட்டை நிறுத்துங்க, மாத்திரை தர்றேன், படி ஏற விடாதீங்க.

என்ன? அந்த மிச்சப் பாதியைப் பத்தி அவகிட்ட கேட்டேனாவா?

கேட்டேன் டீச்சர். நேத்துதான் கேட்டேன். இத்தனை வருஷம் வாய்க்குள்ளயே வச்சிருந்தது. இடது முட்டியை அறுத்து எடுத்தாச்சு, வலதுல கத்தி வச்சிருக்கேன். அவ ரெண்டு கையாலயும் ஜாடியை ஏந்திக்கிட்டு நிக்கிறா. நான் தலையைத் தூக்காமலேதான் கேட்டேன்.

அன்னிக்கே மிச்சப் பாதியை எல்லாம் சீவிப் பார்த்துட்டேன்னியே அக்கா, அப்புறம் இப்ப என்னத்தைப் பார்க்கப் போற?